அசருக்கு இரண்டு நேரம்

பேரன் வந்து சுவரில் தொழுகை நேர அட்டவணையை ஒட்டிவிட்டுப் போனான். மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை. சுபுஹு, லுஹர், அசர், மஃரிப், இஷா என்று ஐந்து கட்டம், நிமிடக் கணக்கோடு. அசர் கட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே ஒரு நேரம்தான் போட்டிருக்கிறார்கள். என் காலத்தில் அசருக்கு இரண்டு நேரம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொண்டு, தொழாமலே ஒரு வருடம் ஓட்டிய பெருமை என்னுடையது.

பசை வாசனை வந்தால் கோத்தா திங்கி ஜவுளிக்கடை ஞாபகம்தான் வரும். புதுத் துணி எல்லாம் கஞ்சி மணக்கும். ஜெர்மன் சண்டை முடிந்து சில வருடம் ஆகியிருந்தது. ஆற்றைப் பார்த்த அந்தக் கடையின் முன்நடையில், அஞ்சடியில், என் தையல் மிஷின். முதலாளிகள் இரண்டு பேர், கூட்டு வியாபாரம். காதர் காக்கா மரைக்காயர், தொழுகைச் சட்டத்தில் ஷாஃபி வழி. இபுராகிம் ராவுத்தர் ஹனஃபி வழி. கடைக்குப் பின்னால் முற்றத்தில் ஒரு குச்சி நட்டிருந்தார்கள். பிற்பகலில் குச்சியின் நிழல் ஏறக்குறைய அதன் உயரத்துக்கு நீண்டால் காக்காவுக்கு அசர். இரண்டு மடங்கானால் ராவுத்தருக்கு அசர். இடையில் ஒரு மணி நேரம் போல இருக்கும். ஒருவர் உள்ளறையில் தொழும்போது மற்றவர் கடையைப் பார்த்துக்கொள்வார்.

எனக்கோ வாப்பா மரைக்காயர், உம்மா ராவுத்தர் வீட்டுப் பெண். இப்படி ஒரு வசதி யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

"டேய், நெழல் வந்துருச்சு. வா, தொழுவோம்" என்பார் காக்கா.

"நான் உம்மா வழி காக்கா. ராவுத்தரோட தொழுதுக்கிறேன்."

அவர் தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்ததும் பின்கட்டு வழியாக நழுவிவிடுவேன். கிப்லா திசையைப் பார்த்து நிற்கிற மனிதர் முதுகுக்குப் பின்னால் யார் போகிறார் என்று திரும்பியா பார்க்கப்போகிறார்? முன்னால் உட்கார்ந்திருக்கும் ராவுத்தரோ, நான் உள்ளே காக்காவோடு தொழுவதாக நினைத்துக்கொள்வார். நான் ஆற்றங்கரைத் திடலில் மலாய்க்காரப் பையன்களோடு பிரம்புப் பந்தை உதைத்துக்கொண்டிருப்பேன். அவர்கள் தொழுதுவிட்டு வந்து ஆடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வரும்போது ராவுத்தர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருப்பார்.

"தொழுதாச்சா தம்பி?"

"காக்காவோட அப்பவே ஆச்சுண்ணே." அவர் தொழுது முடிக்கும் வரை பின்கட்டிலேயே நிற்பேன்; முன்னால் இருக்கும் காக்கா, நான் உள்ளே ராவுத்தரோடு தொழுவதாக நினைத்துக்கொள்வார்.

மழைக்காலத்தில் நிழலே விழாது. அப்போது நான் பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. இருவரும் நேரம் வந்ததா இல்லையா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நான் பாட்டுக்குப் போய்விடுவேன்.

இந்தச் சுகத்துக்கு உலை வைத்தது சபியாவின் குரல். பெருநாளுக்கு அவள் தம்பிக்குச் சட்டை அளவெடுக்கப் போயிருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து, "கை கொஞ்சம் நீளமா இருக்கட்டும், வளர்ற புள்ள" என்றது. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். நான் தைத்த சட்டையின் கை அந்தப் பையனுக்கு முழங்கால் வரை தொங்கியது. காக்காவே பெண் கேட்டுப் போனார். சபியாவின் வாப்பா ஆற்றில் தொங்காங் படகு விடுகிறவர். தொழாதவனுக்குப் பெண் இல்லை என்று அவர் ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவர். சாயங்காலம் ஒருநாள் விசாரிக்க அவரே கடைக்கு வந்துவிட்டார்.

நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கி, சாரத்தை மடித்துக் கட்டி, வேர்க்க வேர்க்க அஞ்சடியில் ஏறினேன். மூன்று பேரும் பெஞ்சில் இருந்தார்கள்.

"அஞ்சு வக்தும் தொழுவான். அசர் மட்டும் ராவுத்தரோட" என்று காக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கூடயா? ஒங்ககூடத் தொழுதுட்டேன்னுல்ல தெனம் சொல்றான்!"

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் ராவுத்தர். சபியா போயே போய்விட்டாள் என்று நினைத்தேன்.

அவள் வாப்பா பந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "நாப்பது நாளு. காக்காவோட தொழுவணும். அப்புறம் ராவுத்தர் தொழுது முடிக்கிற வரைக்கும் அதே பாயில குந்தணும். ஒரு நாள் தப்புனாலும் பந்தும் இல்ல, பொண்ணும் இல்ல."

முதல் வாரம் கால் இரண்டும் திடலுக்கு ஓடப் பார்த்தன. நெற்றியைப் பாயில் வைத்து ஸுஜூதில் இருந்தபடி பந்து விழும் சத்தத்தை எண்ணினேன். எத்தனையாவது நாள் எண்ண மறந்தேன் என்று தெரியவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு எழுந்திருக்க அப்படி ஒரு நேரம் இருப்பதே பிடித்துப்போனது. தையல்காரன் பாஷையில் சொன்னால், நாள் பிரிந்துபோகாமல் ஐந்து இடத்தில் முடிச்சு. நாற்பதாம் நாள் சபியாவின் வாப்பா பந்தோடு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு சபியாவும் கேட்க ஆரம்பித்தாள், "தொழுதாச்சா?" என்று.

கடையை ஒரு வெள்ளம் கொண்டுபோனது. காக்கா ஊருக்குப் போய் அங்கேயே மௌத்தானார். ராவுத்தர் இங்கே கபுருஸ்தானில் இருக்கிறார். போன வருடம் அவருக்கு இரண்டு கபுரு தள்ளிச் சபியாவை அடக்கினோம்.

அட்டவணை சொன்ன நிமிடத்தில் இன்று அசர் தொழுதேன். பிறகும் எழுந்திருக்கவில்லை. ராவுத்தர் தொழுது முடிக்கும் நேரம் வரை பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். தொழுதாச்சா என்று கேட்டால் இப்போது பொய்யில்லாத பதில் இருக்கிறது. கேட்கத்தான் யாரும் இல்லை.