ஒரு படகு இரண்டானது

தோழிகளே, இந்த நோட்டை வீட்டில் யாருக்கும் காட்டாதீர்கள்.

வைத்திக்குப்பத்து மீன்பிடிப் படகு ஒன்றைக் கட்டத்தாளில் வரைந்து, கட்டத்துக்கு ஓர் எண்ணாக மாற்றியிருந்தேன். பள்ளியின் பழைய கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தது. இன்று கம்ப்யூட்டர் சார் அதே எண்களைப் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். நசுங்கிய படகுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

"மிஷினைக் கெடுத்துட்டியாடி?"

"இல்ல சார். பழசுல வரிக்கு நாப்பது கட்டம், இதுல எண்பது. ரெண்டு வரி ஒரே வரியா சேர்ந்துடுது, அதுக்கேத்த மாதிரி எண்களப் பிரிக்கணும்."

"எனக்கே பாடம் நடத்துறியா? நாளைக்கு உங்கப்பாவ இட்டுனு வா!"

கம்ப்யூட்டர் அறை வாசலில் எங்களைச் செருப்பைக் கழற்றச் சொல்வதைத் தவிர அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் அப்பா அவரைத்தான் நம்புவார். என்னைக் கம்ப்யூட்டர் வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார்.

நாளை நான் என்ன சொல்லட்டும்? கீழே எழுதுங்கள். என்னைப் போலப் பென்சிலால் எழுதுங்கள், சார் வந்தால் அழித்துவிடலாம்.