உட்கார்ந்து கேட்கும் உயரம்

அக்காவுக்கு ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டும் வேலை. பகல் முழுக்க நின்றபடி. வீட்டுக்கு வந்தால் அக்கம்பக்கத்தார் துணிகளுக்கு இஸ்திரி, அதுவும் நின்றபடி. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவளுடைய ஒற்றை அறையில் ஒண்டியிருந்த சமயத்தில்தான் தனக்கென்று முதன்முறையாக ஒன்றை வாங்கினாள். பழைய ஸ்டீரியோ, இரண்டு சின்ன ஸ்பீக்கர்களோடு. பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

மேசையில் துணி குவிந்திருந்ததால் ஸ்பீக்கர்களைத் தரையில் வைத்தோம். தலைக்கு மேல் அதிர்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார். சத்தத்தைக் குறைத்தால் அவளுக்குக் கேட்கவில்லை.

"பாட்டு முழங்காலுக்கு மேல ஏற மாட்டேங்குது. திருப்பிக் குடுத்துடலாம், விடு," என்றாள்.

அந்த 'விடு' எனக்குப் பழக்கமானது. படிப்பையும் அப்படிச் சொல்லித்தான் விட்டாள்.

ஸ்டாண்ட் வாங்கலாம் என்று கடைக்கு இழுத்துப் போனேன். நல்ல ஸ்டாண்ட், ஸ்பீக்கரைவிட விலை அதிகம். மலிவானது தொட்டாலே ஆடியது. ஸ்பீக்கர் காது உயரத்தில் இருக்க வேண்டும் என்று விளக்கிய கடைக்காரர், "நீங்க எங்க உக்காந்து கேப்பீங்க?" என்றார்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "உக்காரவா?"

நின்றுகொண்டு கேட்பவர்களுக்கு யாரும் ஸ்டாண்ட் செய்வதில்லையாம். வெறுங்கையோடு திரும்பினோம். பஸ்ஸிலும் உட்கார இடமில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது இரண்டு இரும்புக் கால்களைச் சுமந்து வந்தாள். தைத்த உடையை மாட்டிப் பார்க்கும் பொம்மைகளின் கால்கள். துணி உடல் கிழிந்ததும் கால்களை மட்டும் ஆலையின் ஸ்டோரில் போட்டுவிடுவார்களாம். கனமான வட்ட அடித்தட்டு, ஏற்றி இறக்கும் குழாய், ஒரு திருகு. தலையில்லாத பொம்மைக்குப் பாட்டு எதுக்கு என்று ஸ்டோர்க்காரர் கிண்டல் செய்தாராம்.

"தலை இருக்கறவங்க மட்டும் என்னத்தக் கேட்டாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

மேலே பலகைத் துண்டுகளைப் பொருத்தி, ஸ்பீக்கர்களை வைத்து, துணிப்பட்டையால் கட்டினாள். பிறகு இஸ்திரி மேசையருகே போய் நின்றாள். அவள் காது வரை குழாய்களை உயர்த்தித் திருகை முடுக்கினேன். பாட்டை மெல்லத்தான் வைத்தோம். சட்டைக் கையின் நடுவில் இஸ்திரிப் பெட்டி நின்றது.

"கேக்குதா?"

"ம்."

கீழ்வீட்டுக்காரர் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, நாற்காலியின் மேலிருந்த துணிகளைத் தள்ளி உட்கார்ந்தாள். பாட்டு அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

"அதைக் கொஞ்சம் இறக்கேன்."

இறக்கினேன். அதற்குள் நாற்காலியில் சரிந்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

கூடையில் பாதித் துணி பாக்கி. நான் இஸ்திரிப் பெட்டியை எடுக்கப் போனேன்.

"விடு," என்றாள், கண்ணைத் திறக்காமல்.