துணைக்கு ஆள்

ராஜாமணியின் சொந்தத்தில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் முதலில் ஆட்டோவைக் கூப்பிடுவார்கள், அடுத்து ராஜாமணியைக் கூப்பிடுவார்கள். டாக்டர் மூன்றாவதுதான். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எந்த ஆஸ்பத்திரியில் எந்த நர்சு சிடுசிடுப்பாள், எந்த வராண்டாவில் கொசு குறைவு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நாற்பத்தொன்பது வயதுக்குள் மாமனார், நாத்தனார், ஓரகத்தி, ஓரகத்தியின் சம்பந்தி என்று இருபது பேருக்காவது துணைக்கு இருந்திருக்கிறாள். ஏன் அவளே போக வேண்டும்? குறிஞ்சிப்பாடியில் வீட்டோடு மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள் அல்லவா, அதனால்தான். வீட்டிலிருந்து வேலை செய்கிற பெண் சும்மா இருக்கிறாள் என்று கண்டுபிடித்த மகானுக்கு யாராவது சிலை வைத்தால் நல்லது. கல்லெறியவாவது உதவும்.

டிசம்பர் கடைசி நாள் மதியம். பழைய காலண்டரை மடியில் வைத்துக்கொண்டு திதி, பிறந்தநாள், கணவன் மணவாளனின் சுகர் டெஸ்ட் எல்லாவற்றையும் புதுக் காலண்டரில் ஏற்றுவது அவளுடைய வருஷாந்திர வழக்கம். அப்படிப் புரட்டும்போதுதான் பார்த்தாள். பிப்ரவரியில் நாத்தனாருக்கு முட்டி ஆபரேஷன், பத்து நாள். மே மாதம் தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம், பன்னிரண்டு நாள். ஜூலை, செப்டம்பர், நவம்பர், எல்லாம் யாருக்கோ துணை. நடுவில் ஏப்ரல் ஒன்பதில் பொடி எழுத்தில், ‘எனக்கு, சிதம்பரம்’.

அன்று சிதம்பரத்து டாக்டரம்மா தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. மாசாமாசம் இவ்வளவு ரத்தம் போனால் தாங்காது, எடுத்துவிட வேண்டும். ஜூனில் ‘எனக்கு’ என்று எழுதி அடித்திருந்தது. ஆகஸ்டில் எழுதி அடித்திருந்தது. அக்டோபரிலும் அப்படியே. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கண் இருட்டிக்கொண்டு வருவது அக்டோபரிலிருந்துதான்.

“ஏண்டி மடச்சி” என்று தன்னையே திட்ட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியையும் அவள் அப்படித் திட்டியதில்லை. “முன்னாடியே காட்டியிருக்கக் கூடாதா?” என்று மாமனாரிடம் கேட்டவர்களை வார்டை விட்டே துரத்தியவள் அவள். வலிக்கிறது என்று எவர் சொன்னாலும் நம்பியவள், தன் வலியை மட்டும் நடிப்பு என்று இரண்டு வருஷமாக நினைத்திருக்கிறாள். கட்டிலில் படுத்திருக்கிற ஒருத்தியாகத் தன்னை நினைத்துப் பார்த்தாள். பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு நாள் வாங்கினாள். புதுக் காலண்டரில் ஜனவரி ஐந்தில் ‘எனக்கு ஆபரேஷன்’ என்று கொட்டை எழுத்தில், அதுவும் பேனாவால் எழுதினாள். அதன் கீழே புது வருஷத்துக்கென்று மூன்று வரி. குடம் தூக்க மாட்டேன். யாருக்கும் துணைக்குப் போக மாட்டேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல்வேன்.

மை காய்வதற்குள் கடலூரிலிருந்து ஓரகத்தி தங்கம்மாளின் போன்.

“ராஜா, அஞ்சாந்தேதி எனக்குக் கண்ணு ஆபரேஷன். நாலாந்தேதியே வந்துடு.”

“அன்னிக்கு எனக்கு ஆபரேஷன்கா.”

“உனுக்கா? என்னாத்துக்கு?” கேட்டுத் தெரிந்துகொண்டு, “அது இருக்கறதுதான? ஒரு வாரம் தள்ளிப் போட்டா என்னா?”

“ஏப்ரல்லேந்து தள்ளிக்கினே இருக்கேன். இனிமே தள்ள மாட்டேன். உம்புள்ள சேரன் ஒருநாள் லீவு போடட்டும்.”

“ரொம்ப மாறிட்ட நீ.”

“ஆமாங்கா” என்றாள் ராஜாமணி. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

“சரி, உனுக்கு யாரு கூட இருப்பா?” என்று கடைசியாக ஒரு குத்துக் குத்திவிட்டு வைத்தாள் தங்கம்மாள். அந்தக் குத்து சரியான இடத்தில் இறங்கியது. இருபது பேருக்குத் துணைக்கு இருந்தவளுக்கு ஒரு ஆள் இல்லை.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் மணவாளன் சாயந்திரம் வந்ததும் அவனிடம் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான்.

“ஆம்பள நான் லேடீஸ் வார்டுல எப்டி இருக்கறது?”

“உங்கப்பாவுக்கு ஆம்பள வார்டுல பதினோரு நாள் நான் இருந்தப்ப இந்தக் கேள்வி யாருக்கும் வரலியே மாமா? மூத்திரப் பையிலேந்து நான்தான பாத்தேன்? நீ உள்ள வர வேணாம். வராண்டாவுல உக்காரு. கூப்புட்டா வா. அது போதும்.”

மணவாளன் எழுந்துபோய் வேனுக்கு மாற்று டிரைவர் தேடிப் போன் பண்ணினான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் காலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராஜாமணி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் மகன் அன்பரசு கூப்பிட்டான்.

“அத்த, நீ சிதம்பரத்து ஆஸ்பத்திரிலதான இருக்க? நல்லதாப் போச்சு. அப்பாவுக்கு சுகர் ஜாஸ்தியாயி அங்கதான் சேத்துருக்கோம், கீழ் வார்டு. நான் வேலைக்குப் போவணும். நீ அப்பப்ப எறங்கி ஒரு எட்டு பாத்துக்கறியா?”

ராஜாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது.

“தம்பி, இங்க நான் பேஷண்ட்டு. எனக்கு வலிக்குது, எறங்க முடியாது. நீ லீவு சொல்லிட்டு உங்கப்பா பக்கத்துல உக்காரு. முடிஞ்சா மேல ஏறி வந்து என்னையும் பாரு. மூணு நாளாச்சு, உங்க மாமாவத் தவிர ஒருத்தரும் இன்னும் எட்டிப் பாக்கல.”

எதிர்முனையில் சத்தமே இல்லை. அவன் ஏதாவது சொல்லட்டும் என்று ராஜாமணி காத்திருந்தாள். அந்த மௌனத்தை நிரப்புவது தன் வேலை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.