பனி சுரண்டும் சத்தம்

இன்று காலை தெருவில் யாரோ கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டினார்கள். கரகரவென்ற அந்தச் சத்தத்தில் எனக்குப் பதினைந்து வயதாகிவிட்டது.

ஜெர்மனியில் யூரோ நாணயம் வந்த வருடம். கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வுப்பர்டாலில் இருந்த பெரியப்பா வீட்டுக்குக் கிறிஸ்மஸ் கொண்டாடப் போகிறோம். நெடுஞ்சாலையை மூடி மூடிப் பனியும் எங்களோடு கூடவே வருகிறது. ஊர்க் காணியில் வந்த சண்டைக்குப் பிறகு பெரியப்பா அப்பாவோடு பேசுவதில்லை. அப்பா தொலைபேசி அடித்தால் எடுப்பதுமில்லை. எங்களைக் கூப்பிட்டது பெரியம்மாதான்.

"அண்ணை கதவைத் திறக்காட்டி?" என்றார் அப்பா.

"இவ்வளவு ரோல்ஸையும் நீங்கள்தான் தின்னவேணும்," என்றார், மடியில் சூடான பெட்டியை வைத்திருந்த அம்மா.

கதவு திறந்தது. பெரியப்பா என் தலையைத் தடவினார். ரோல்ஸை ருசித்துச் சாப்பிட்டார். அப்பாவிடம் மட்டும் இரண்டு நாளும் ஒரு சொல் இல்லை.

புறப்படும் காலையில் இதே சத்தம். எட்டிப் பார்த்தேன். கையுறைகூட இல்லாமல் எங்கள் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார் பெரியப்பா. நாங்கள் ஏறியதும் அப்பாவின் ஜன்னலருகே குனிந்தார்.

"போய்ச் சேர்ந்தவுடனை அடி."

"அடிச்சா எடுப்பியளோ, அண்ணை?"

"ஓம். எடுப்பன்."