இடது கை பண்ணிய கலாட்டா

குட்டி யானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லோடு வண்டியில்தான் அந்தப் பியானோ கள்ளக்குறிச்சிக்கு வந்தது. புதுச்சேரியில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு குடும்பம் விற்றது. கரண்டில் ஓடும் டிஜிட்டல் பியானோதான், ஆனால் கனம் கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுப் படிக்கட்டின் திருப்பத்தில் அது மாட்டிக்கொண்டது. மேலே என் கணவர், கீழே வண்டிக்காரர், நடுவில் சுவருக்கும் பியானோவுக்கும் இடையில் நான். இருவரும் என்னை விட்டுவிட்டுப் பியானோவுக்குக் கீறல் விழுந்துவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பவள். டிசம்பர் வந்தால் அதே கிறிஸ்துமஸ் பாட்டுகள், அதே வேகம். எல்லோருக்கும் வரிகள் மனப்பாடம் என்பதால், பாடும்போதே மதியச் சாப்பாட்டைப் பற்றி யோசிக்க முடியும். எனக்கும் வாசிக்கும்போதே யோசிக்க முடிந்தது.

பியானோ வந்த மறுநாள் மாலை, திருத்த வேண்டிய தேர்வுத் தாள்களை மேசையில் வைத்துவிட்டு அதன் முன் உட்கார்ந்தேன். குழந்தை இயேசுவைத் தூங்கவைக்கிற, எல்லோருக்கும் தெரிந்த ஒரு தாலாட்டுப் பாட்டை எடுத்தேன். வலது கை மெட்டை மாற்றவில்லை. இடது கையை மட்டும் அதன் போக்கில் விட்டேன். முதலில் ஒவ்வொரு சுரமாகப் பிரித்து, கூரையிலிருந்து மழைநீர் சொட்டுவதுபோல வாசித்தேன். பாட்டு அப்படியே குழைந்தது. அடுத்து ஒன்று அழுத்தம், இரண்டு லேசு என்று மூன்றெண்ணிக்கையில் போட்டேன். பாட்டு பாவாடையை விரித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. பிறகு சின்னசேலத்தில் நிற்காமல் போகும் ரயில் மாதிரி தடதடவென்று. அதற்குப் பிறகு எப்படி நடந்ததென்று எனக்கே தெரியாது. இடது கை தாழ்ந்த சுரங்களின் கட்டைகளுக்கு இறங்கி, டங்கு டக்க, டங்கு டக்க என்று திருவிழா மேளமாகிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து ஆடியிருக்கும்.

அப்போது தரைக்கு அடியிலிருந்து டொக், டொக் என்று சத்தம். யாரோ கீழ் வீட்டு மேற்கூரையைக் கம்பால் இடிக்கிறார்கள்.

கீழே இருப்பவர்கள் வீட்டுக்காரர்கள். வீட்டுக்கார பாய்க்குக் கடைவீதியில் மளிகைக்கடை. அந்த நேரத்தில் அவர் மனைவி மட்டும்தான் வீட்டில் இருப்பார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு இறங்கிப் போனேன். ஒட்டடைக் கம்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா டீச்சர், கடைசில ஒண்ணு நல்லா போய்க்கினு இருந்துச்சே, இன்னாத்துக்கு நிறுத்திட்டீங்க?"

நீங்கள்தானே இடித்தீர்கள் என்றேன். தாளம் போட்டதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து மாலைத் தொழுகை முடிந்ததும் அக்கா மாடிக்கு வந்துவிடுவார். கட்டிலில் சாய்ந்துகொண்டு இடது கையின் ஒவ்வொரு போக்குக்கும் அவரே பெயர் வைத்தார். முதலாவது சொட்டு. இரண்டாவது ரங்கராட்டினம். மூன்றாவது ரயில். கடைசியாக வந்தது கலாட்டா. "ரங்கராட்டினம் ஜாஸ்தியா சுத்துது, தலை கிறுகிறுங்குது. கொஞ்ச நேரம் ரயில விடுங்க" என்பார். மணியோசை வரும் பாட்டைச் சொட்டில் வாசித்தோம். மேய்ப்பர்கள் நடந்து போகும் பாட்டை ரயிலில் ஏற்றினோம். மேய்ப்பர்கள் ஆடுகளைவிட்டு முன்னால் ஓடிவிட்டார்கள். தேர்வுத் தாள்கள் அப்படியே கிடந்தன.

சபையின் பாடகர் குழுவுக்குத் தலைவி ஒரு நர்ஸம்மா. ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றும் வார்டில் நிற்பதுபோலவே நிற்பார். பயிற்சியின்போது நான் துணிந்து ஒரு சரணத்தில் ரங்கராட்டினத்தை நுழைத்தேன். முன்வரிசைப் பெண்கள் லேசாக அசைந்தார்கள். நர்ஸம்மா கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. புத்தகத்தில் இருக்கிறபடி வாசித்தால் போதும் என்றார். சரி என்று வாசித்தேன். இன்னொரு நாள் யாரும் வருவதற்கு முன் காலிச் சபையில் கலாட்டாவை முழுசாக வாசித்துவிட்டுத் திரும்பினால், அவர் பின்னால் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காததுபோல இருந்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் சபை கல்வராயன் மலைக்குப் போகும். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் எங்கள் சபைக் குடும்பங்கள் சில உண்டு. அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் முழுவதற்கும் பாட்டும் கேக்கும். இந்த முறை சபைக் கீபோர்டு ரிப்பேர். ஆகவே என் பியானோவை ஏற்றினோம். அக்காவும் வருவேன் என்றார். "தெனம் மொட்டமாடிலருந்து பாக்குறேன் அந்த மலைய. ஒரு தபா கூட ஏறுனதில்ல."

வடக்கனந்தல் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் வேனுக்குள் பயிற்சி ஆரம்பித்தது. வளைவு வரும்போதெல்லாம் இடப்பக்கக் குரல்கள் வலப்பக்கக் குரல்களின் மடியில் விழுந்தன. யார் எந்த சுரத்தைப் பாடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் இறைவனையும் டிரைவரையும் மாறி மாறிக் கூப்பிட்டார்.

மைதானம் சரிவானது. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பியானோவை அதன்மேல் வைத்தோம். மைக்செட்காரரின் ஜெனரேட்டரிலிருந்து கரண்ட். மதியம்தான் என்றாலும் பனி விலகவில்லை. ஊர் மக்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். புத்தகத்தில் இருக்கிறபடி மூன்று பாட்டுகள் பாடினோம். மரியாதையாகக் கைதட்டினார்கள். முன்னால் இருந்த ஒரு கைக்குழந்தை கொட்டாவி விட்டது. அதைப் பார்த்து அதன் அம்மா விட்டார். பிறகு எங்கள் குழுவில் ஒருவரும் விட்டார்.

நர்ஸம்மா என் பக்கம் குனிந்தார். "அன்னிக்கு யாருமில்லாதப்ப ஒண்ணு வாசிச்சுக்கினு இருந்தியே. அத வாசி."

எது என்று கேட்டேன்.

"எதுன்னு ஒனக்குத் தெரியும். கதவாண்ட நின்னு முழுசும் கேட்டேன்."

இடது கையை இறக்கினேன். டங்கு டக்க, டங்கு டக்க. குழு ஒரு விநாடி திகைத்து, உடனே தாலாட்டைப் பிடித்துக்கொண்டது. துண்டுகள் தோளிலிருந்து நழுவின. கால்கள் ஆடத் தொடங்கின. பின்வரிசையில் சிலர் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள். கோபித்துக்கொண்டு போகிறார்களோ என்று பயந்தேன். மேளத்தோடு திரும்பி வந்தார்கள். மேளம் சேர்ந்ததும் என் இடது கைக்கு வேலையே இல்லை. அது குஷியில் வலது கையைத் தாண்டி மேல்கட்டைகளுக்கு ஏறிக் கிலுகிலுவென்று சிரித்தது. எனக்குப் பத்து விரல்கள் போதவில்லை. மைதானம் முழுக்க வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த வட்டத்தில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நர்ஸம்மா.

அப்போதுதான் பியானோ என்னைவிட்டு விலகிப்போவதைக் கவனித்தேன். அதிர்வில் பெஞ்சுகள் சரிவில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. நாற்காலியை இழுத்துக்கொண்டே நானும் கூடப் போனேன். அக்கா ஓடிவந்து பெஞ்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். "நீங்க வாசிங்க டீச்சர். நான் புடிச்சிக்கினு இருக்கேன்." முதுகால் தாங்கியபடியே தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

பாட்டை எப்படி முடிப்பது என்றுதான் தெரியவில்லை. நான் முடிவு சுரத்தை அழுத்தும்போதெல்லாம் மேளக்காரர்கள் அதை ஆரம்பமாக எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து பியானோ ஊமையானது. பாட்டும் மேளமும் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. சத்தம் வராத கட்டைகளை வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று அக்கா பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் எல்லாப் பாட்டுகளும் புத்தகத்தில் இருக்கிறபடியே போயின. கடைசிப் பாட்டுக்கு மட்டும் நர்ஸம்மா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். போதகர் மேடையிலிருந்து இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் நின்று, பிறகு கைதட்டினார்.

மலைக்காரர்கள் பொங்கலுக்கும் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மைதானத்தில் ஆடிய அன்று, நாங்கள் புறப்படும் முன், மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்து, பொங்கலுக்கு அவர்கள் பாடும் ஒரு பாட்டைப் பாடினார்கள். அதை என் போனில் பதிவு செய்து வந்தேன். மெட்டு அரைமணியில் வந்துவிட்டது. இடது கைதான் வரவில்லை. சொட்டில் போட்டால் வழுக்குகிறது. ரங்கராட்டினத்தில் ஏற மறுக்கிறது. கலாட்டாவில் போட்டால், நான் அழுத்துகிற இடத்துக்கு ஒரு எட்டு முன்னாலோ பின்னாலோ போய் நின்றுகொள்கிறது. அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டு தொடையில் தட்டி எண்ணுவார். எண்ணிக்கை எங்கேயோ தவறும். இருவரும் சிரிப்போம், மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். நேற்று நடுவில் ஒரே ஒரு வரி சரியாக விழுந்தது. சந்தோஷத்தில் நான் வாசிப்பதையே விட்டுவிட்டேன்.