யோகேஸ்வரியை எப்போது ஏற்றுவது

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. மலேசியாவில் பத்து பாகாட் என்கிற ஊரில் தொழிற்சாலைப் பெண்களுக்கு வேன் ஓட்டுகிறேன். இத்தனை வருஷத்தில் யாருக்காகவும் நின்றது கிடையாது. வாசலுக்கு வந்ததும் முன்விளக்கை இரண்டு தடவை அடித்துக் காட்டுவேன், ஒரு மிஸ்கால் கொடுப்பேன். அவ்வளவுதான். ஹாரன் அடித்தால் அக்கம்பக்கத்தில் தூங்குகிற பிள்ளைகள் எழுந்துகொண்டு என்னைச் சபிக்கும். பெண்கள் தலையைப் பின்னிக்கொண்டே ஓடி வருவார்கள், ஒற்றைச் செருப்போடு வருவார்கள், வாயில் பிஸ்கட்டைக் கவ்விக்கொண்டு வருவார்கள். எப்படியோ வந்துவிடுவார்கள். "பஸ்ஸாவது நிக்கும், பேச்சி அக்கா நிக்க மாட்டாங்க லா" என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். பேச்சியம்மாள் என்ற முழுப் பெயர் என் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட என்னையும் ஒருத்தி நிற்க வைத்தாள். அவள்தான் யோகேஸ்வரி.

டி-சட்டை தைக்கும் தொழிற்சாலையில் கழுத்துப் பட்டை வைத்துத் தைப்பது அவள் வேலை. நாற்பதை நெருங்குகிற வயது. கை அப்படி ஒரு கை, அவள் தைத்த கழுத்தைப் பிரித்துத் தை என்று யாரும் திருப்பி அனுப்பியதில்லை. கணவன் குணாளன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். ஒரே மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்து விடுதிக்குப் போய்விட்டான். மூன்றாவது மாடி பிளாட்டில் வாரம் முழுக்க அவள் மட்டும்தான்.

மாலையில் அவளைப் பார்க்க வேண்டும். வேனில் ஏறியதும் கச்சேரி தொடங்கிவிடும். மேற்பார்வையாளர் சுகுமாறன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடப்பதை உட்கார்ந்த இடத்திலேயே நடித்துக் காட்டுவாள். சிரித்துச் சிரித்து எனக்கு ஸ்டியரிங் ஆடிப்போகும். அதே பெண்ணைக் காலையில் பார்த்தால் வேறு யாரோ என்றுதான் நினைப்பீர்கள். முகம் வீங்கி, கண் உள்ளே போய், ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது நிமிஷம் கழித்து "ம்" என்பாள். போன தீபாவளிக்குப் பிறகு அந்த "ம்" கூட வரவில்லை. ஆளும் பல நாள் வரவில்லை.

அவளுக்கு என்ன குறை என்று கேட்காத ஆள் இல்லை. புருஷன் குடிக்கிறானா? இல்லை. பிள்ளை கெட்டுப்போனானா? இல்லை. மாமியார் தொல்லையா? மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு காரணம் கிடைத்திருந்தால் அதைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம். காரணமே இல்லாமல் ஒருத்தி படுத்துக் கிடந்தால் என்ன செய்வது? எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அரசாங்கக் கிளினிக்குக்குப் போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. அங்கிருந்த டாக்டர் பெண் பொறுமையாகக் கேட்டு, இது மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தாள், மாதம் ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போ என்றாள். யோகேஸ்வரி அதை விடாமல் செய்தாள். நாள் ஆக ஆக மத்தியானங்கள் தெளிந்தன, இரவில் தூக்கம் வந்தது. காலை மட்டும் எதற்கும் அடங்கவில்லை.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியர் ஆனோம். ஒருத்தி எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னாள். ஒருத்தி பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளி என்றாள். பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிற ரம்லா நல்ல மனசுக்காரி. எங்கள் வேன் வாட்சாப் குழுவில் தினமும் விடிவதற்கு முன்னால் ஒரு ரோஜாப் படம், ஒரு சூரியன், கீழே 'புன்னகையோடு எழு, உலகம் உன்னுடையது' என்று ஒரு வாசகம் அனுப்புவாள். நானும் சும்மா இருக்கவில்லை. "நல்லதையே நினைச்சுக்கிட்டு எந்திரி, எல்லாம் சரியாயிரும்" என்று பார்க்கும் நேரமெல்லாம் ஓதினேன். தொழிற்சாலையில் இன்னும் மோசம். வாசல் முற்றத்தில் காலைக் கூட்டம் வைத்து, கையைத் தூக்கி "செமாங்காட்! செமாங்காட்!" என்று எல்லாரையும் கத்தச் சொல்வார்கள். மலாயில் அதற்கு ஊக்கம் என்று அர்த்தம். கத்தினால் அது வந்துவிடுமாம்.

ஒரு நாள் யோகேஸ்வரி வாட்சாப் குழுவை விட்டு வெளியேறிவிட்டாள். ரம்லாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "நான் என்னாக்கா தப்பா அனுப்பினேன்? ரோஜாதானே அனுப்பினேன்?" என்று என்னிடம் வந்து நின்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாங்கள் எல்லாரும் கை கொடுக்கிறோம், இவள் தட்டிவிட்டுப் போகிறாளே!

அதே வாரத்தில் சுகுமாறன் அவளைக் கூப்பிட்டு எச்சரித்தார். சொல்லாமல் இன்னும் ஒரு நாள் நின்றாலும், நேரம் கடந்து ஒரு தடவை வந்தாலும் வேலை போய்விடும். அன்று மாலை வேனில் கச்சேரி இல்லை. இறங்கும்போது என் ஜன்னல் பக்கம் வந்தாள்.

"வேல போச்சுன்னா நான் கட்டில விட்டே எறங்க மாட்டேன்கா. அதோட முடிஞ்சது என் கத."

சம்பளத்தைப் பற்றி அவள் பேசவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வேனில் கூடிப் பேசினோம். வேன் வேலையில் ஏறுகிற வரிசைதான் எல்லாம். முதலில் ஏறுகிறவள் பாவப்பட்டவள். இருட்டில் எழுந்து, ஊர் முழுக்கச் சுற்றி, உட்கார்ந்தே இடுப்பு ஒடிவாள். கடைசியில் ஏறுகிறவள் மகாராணி. நிம்மதியாகத் தூங்கி, பசியாறி, பவுடர் போட்டு வருவாள். கடைசி இடத்துக்காக என் வேனில் சண்டையே நடந்திருக்கிறது. அது அப்போது ரம்லாவிடம் இருந்தது. யோகேஸ்வரி நடுவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"என் எடத்த அவங்களுக்குக் குடுத்துருங்கக்கா. இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும், பாவம்" என்றாள் ரம்லா.

பெரிய மனசு. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நானும் சுற்றையே தலைகீழாக மாற்றினேன். ரம்லாவை இருட்டில் முதல் ஆளாக ஏற்றி, மற்றவர்களை ஏற்றி, கடைசியில் யோகேஸ்வரியின் பிளாட்டுக்கு வருவது என்று ஏற்பாடு.

நிலைமை முன்னைவிட மோசமாகிவிட்டது. விளக்கை அடிப்பேன், வர மாட்டாள். மிஸ்கால் கொடுப்பேன், வர மாட்டாள். உள்ளே பத்துப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைசி நொடியில் ஆள் வந்து ஏறும், பிணம் மாதிரி. நான் நெருப்பாகப் பறந்து, சிவப்பு விளக்கில் சாமியைக் கும்பிட்டு, தொழிற்சாலைக் கதவு மூடுவதற்குள் கொண்டுபோய்த் தள்ளுவேன். இருந்த நேரத்தைவிட அதிக நேரம் கொடுத்தும் இவளுக்கு எழ முடியவில்லை என்றால், கொழுப்பு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? நான் வாய்விட்டே சொன்னேன். வேனில் யாரும் மறுக்கவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை அவள் வரவே இல்லை. விளக்கு அடித்தாயிற்று, மூன்று மிஸ்கால் ஆயிற்று. "போலாம்கா. அவங்களோட சேத்து எங்களுக்கும் வேல போயிரும்" என்றார்கள் பின்னாலிருந்து. நியாயமான பேச்சு. நான் கியரில் கை வைத்தேன். அன்று விட்டுவிட்டுப் போனால் அவளுக்கு வேலை இல்லை, இது எனக்குத் தெரியும். சனியன் என்று திட்டிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கினேன். "எல்லாரும் அப்படியே இருங்க" என்று ரம்லாவிடம் சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினேன். முட்டி இரண்டும் கத்தின.

கதவை ஒரு தட்டுத் தட்டினேன். உடனே திறந்தது. கதவுக்குப் பின்னாலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். நைட்டி, அவிழ்ந்த தலை. நாற்காலியில் தொழிற்சாலைச் சட்டை தேய்த்து மடித்தபடி இருந்தது.

"என்னாடி இது?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்கா."

"எங்கடி வந்துக்கிட்டு இருக்க? கீழ பத்துப் பேரு ஒனக்காக உக்காந்திருக்காங்க. புள்ள மூஞ்சிய நெனச்சுக்க. நல்லதா ரெண்டு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டு எந்திரி லா!"

அவ்வளவுதான். அவள் வெடித்துவிட்டாள்.

"போதும்கா! எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. மொதல்ல மனசு நல்லாவணும், அப்பறம் எந்திரிக்கணும். நாலரைலேர்ந்து அதுக்குத்தான் இங்க உக்காந்திருக்கேன். அது நல்லாவல. தெனமும் நல்லாவல. அது நல்லாவட்டும் நல்லாவட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தே விடிஞ்சு போவுது. நீங்க வேற என்னையக் கொண்டுபோயி கடைசில வெச்சிட்டீங்க. தூங்கட்டும்னு. யாருக்கா தூங்கினா? முழிச்சுக்கிட்டு அதுகூட தனியாக் கெடக்கேன். அந்த நேரந்தான் என்னையத் திங்குது."

"அதுன்னா எதுடி?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா?"

நாங்கள் கூடிப் பேசி, பெரிய மனசு பண்ணி, அவளைப் பிடித்து ஆட்டும் அந்த நேரத்தையே இழுத்து நீட்டிக் கொடுத்திருக்கிறோம். நல்லது செய்கிறோம் என்ற திமிர் வேறு எனக்கு!

"அப்ப என்னதான்டி செய்யணும்? சொல்லித் தொல."

"மொத ஆளா ஏத்திக்குங்க. எப்படி இருக்கன்னு கேக்காதீங்க, பசியாறினியான்னு கேக்காதீங்க. ஏறுன்னு மட்டும் சொல்லுங்க."

"சரி. ஏறு."

"இப்படியேவா?" என்று நைட்டியைப் பார்த்தாள்.

"இப்படியேதான்." சட்டையையும் கால்சட்டையையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்தேன், அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

வேனில் அவளைப் பார்த்ததும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். "யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது!" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். ரம்லா தொழுகைக்கு வைத்திருந்த வெள்ளை அங்கியைப் பையிலிருந்து உருவி, இன்னொருத்தியோடு சேர்ந்து திரை மாதிரி பிடித்துக்கொண்டாள். அந்தத் திரைக்குப் பின்னால், ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்துகொண்டே, யோகேஸ்வரி உடை மாற்றினாள். யாரோ அவள் தலையை வாரி முடிந்துவிட்டார்கள். ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. கதவு மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாளிலிருந்து அவள்தான் முதல் ஆள். ரம்லாவுக்குக் கடைசி இடம் திரும்பக் கிடைத்தது. இருட்டில் போய் நிற்பேன். "ஏறு" என்பேன். என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி வருவாள். சில நாள் அழுவாள், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். எனக்கு அது லேசான காரியமில்லை. வாயில் புத்திமதி ஊறிக்கொண்டே இருக்கும். நாலாவது, ஐந்தாவது ஆள் ஏறும்போது அவளே கதவைத் திறந்துவிடுவாள். ஏதாவது முனகுவாள். சில நாள் தொழிற்சாலை வரும்வரை அதுவும் கிடையாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலைக்கு வந்தாள். தொடர்ந்து வந்தாள்.

மூன்று மாதம் இப்படிப் போனதும் சுகுமாறனுக்கு ஒரே சந்தோஷம். அவர் கெட்ட மனுஷர் இல்லை, கூட்டம் நடத்தும் பைத்தியம் மட்டும் கொஞ்சம் உண்டு. ஒரு திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவளை முன்னால் கூப்பிட்டார். பெரிய மானேஜரும் வந்திருந்தார். காலைச் சோர்வை இவர் எப்படி வென்றார் என்று இவரே சொல்வார், எல்லாரும் கேட்டுப் பயன் பெறுங்கள் என்று மலாயில் அறிவித்து மைக்கைக் கையில் கொடுத்தார். நான் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே வண்டியில் இருந்தேன். ஒலிபெருக்கி ரோடு வரைக்கும் கேட்கும். எச்சரிக்கையை இன்னும் அவர்கள் விலக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நல்லதா நாலு வார்த்தை சொல்லிடு தாயி என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். மலாயிலேயே பேசினாள். "நான் எதையும் வெல்லல. இன்னிக்கும் எனக்கு வரப் பிடிக்கல. வந்துட்டேன். மெஷினுக்குப் போலாமா?"

சுகுமாறன் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைக்கை வாங்கிக்கொண்டார். யாரும் செமாங்காட் என்று கத்தவில்லை. கூட்டம் கலைந்து எல்லாரும் உள்ளே போனார்கள்.

மாலையில் அவள் ஏறியதுமே பிடித்துக்கொண்டேன். வேலை என்னாச்சு என்று கேட்டேன். ஆபீசுக்குக் கூப்பிட்டார்களாம், மானேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எச்சரிக்கை முடிந்தது, போய் வேலையைப் பார் என்றாராம்.

"அவரு நல்ல மனுஷன், விட்டாரு. இல்லாட்டி? நல்லாயிட்டேன்னு ஒரு வார்த்த சொன்னா ஒன் வாய் வெந்தா போயிரும்?"

யோகேஸ்வரி பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு அத்தன பேர் முன்னால நல்லாயிட்டேன்னு சொல்லிட்டா, நாளைக்குக் காலையில மோசமா இருந்துச்சுன்னா நான் யாருகிட்டக்கா சொல்லுவேன்?"

நான் வண்டியை எடுத்தேன்.