பீடிங் மாற்றிய பிறகு

காங்கேயத்தை விட்டுச் சென்னிமலை ரோட்டில் கொஞ்ச தூரம் வந்தால், தேங்காய்க் களங்களுக்குப் பின்னால் ஒரு வீடு. அதில் செங்கோட்டையனும் அவர் மனைவி பூவாத்தாளும் மட்டும்தான் இருந்தார்கள். செங்கோட்டையனுக்கு எழுபதை நெருங்கும் வயது. ஒரு காலத்தில் சொந்தமாக எண்ணெய் மில் நடத்தியவர். பூவாத்தாளுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னதும் மில்லை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருந்துகொண்டார். சமைக்கப் பழகினார். குளிப்பாட்டப் பழகினார். தலை பின்னிவிடவும் பழகினார். மில்லில் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்த மனிதர் சீப்பும் கையுமாக நிற்பதைப் பார்த்து, கோயமுத்தூரிலிருந்து வந்த மகள் லோகப்பிரியா சமையலறைக்குள் போய் அழுதாள்.

பகலில் பூவாத்தாள் சாதுவாகத்தான் இருப்பாள். வெயில் சாயும்போதுதான் அவளுக்குள் ஏதோ கலையும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கிடைத்த பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

"ஏனுங் மாமா, பொழுதாயிருச்சு. ஊட்டுக்குப் போலாமுங்க."

"இதுதான் அம்மணி நம்ம ஊடு."

"இது ஆரு ஊடோ. நம்மூட்டுக்குப் போலாம், வாங்க."

முதலில் அவர் வாதாடிப் பார்த்தார். கல்யாண போட்டோவைக் காட்டினார். பீரோவைத் திறந்து அவள் சேலைகளைக் காட்டினார். அழுகைதான் கூடியது. ஒருநாள் என்ன செய்வதென்று தெரியாமல் அவளைப் பழைய பியட் காரில் ஏற்றிக்கொண்டு சென்னிமலை அடிவாரம்வரை போய்த் திரும்பினார். கார் கேட்டுக்குள் நுழைந்ததும் பூவாத்தாள், "வந்துட்டமுங்களா?" என்றாள். தானே இறங்கிப்போய்க் கால் கழுவிக்கொண்டு அடுப்படியில் விளக்கைப் போட்டாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அந்தச் சவாரி நடந்தது. எந்த மாத்திரைக்கும் அடங்காதது அதற்கு அடங்கியது.

லோகப்பிரியா கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய வெளிர்நீலக் கார் அது. அந்த வீட்டுப் பெண்கள் பின்சீட்டில்தான் உட்காருவார்கள். பூவாத்தாள் முதல் நாளே முன்கதவைத் திறந்து ஏறிவிட்டாள். மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டபோது, "பின்னாடி உக்காந்தா ரோடு தெரியறதில்லீங்க அத்தை" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்த இடம் அவளுடையதாகிவிட்டது. மில்லுக்குக் கொப்பரை மூட்டைகளை ஏற்றி ஏற்றி வண்டிக்குள் எண்ணெய் வாசம் ஊறிப்போயிருந்தது. கண்ணாடிகளைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் காய்ந்து வெடித்துவிட்டதால், வண்டி கொஞ்சம் வேகமெடுத்தாலே காற்று இடுக்கில் புகுந்து விசிலடிக்கும். பூவாத்தாள் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து மெல்ல முனகிக்கொண்டு வருவாள். மகள் பெயரே மறந்துபோயிருந்த நாட்களிலும் அந்த முனகல் இருந்தது. செங்கோட்டையன் அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். அவருடைய நாளில் நல்லது என்று சொல்ல அந்த நேரம் ஒன்றுதான் இருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் வழிந்து பூவாத்தாளின் மடியில் கொட்டியது. அவள் மிரண்டு அலறி, ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்துவிட்டாள். செங்கோட்டையன் ஒரு கையால் அவள் தோளைப் பற்றி இழுத்துக்கொண்டே பிரேக்கை மிதித்தார். மறுநாள் குளிப்பாட்டும்போது அவள் தோளில் தன் விரல் தடங்கள் கன்றிப்போய்க் கிடந்ததைப் பார்த்தார். பீடிங்கை மாற்றிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தார்.

லோகப்பிரியா லீவு போட்டு வந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அவர் பழைய பீடிங்கில் ஒரு துண்டை அறுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் உக்கடத்துக்கு பஸ் ஏறினார். பழைய கார்களுக்கு ரப்பர் சாமான் விற்கும் கடை ஒன்றை அங்கே சாஜிதா பேகம் என்பவர் நடத்திவந்தார். துண்டை வாங்கி நகத்தால் அழுத்தியதும் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இதுல ரெண்டு தினுசு இருக்குதுங்கய்யா" என்றார் அவர். "ஒண்ணு அளந்து வெட்டித் தர்றது. மூலைல ஒட்டோணும். வெயில் பட்டாச் சுருங்கி வாயப் பொளந்துக்கும். இன்னொண்ணு உங்க வண்டிக்குன்னே அச்சுல வார்த்தது. மூலையெல்லாம் ஒரே வார்ப்பு. கண்ணாடிக்கு ஒரு பள்ளம், தகட்டுக்கு ஒரு பள்ளம். இறுக்கி உக்காந்துக்கும். சொட்டுத் தண்ணி வராது. காத்துச் சத்தம்கூடக் கேக்காது."

செங்கோட்டையன் இரண்டையும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "அப்ப அச்சுல வார்த்ததே குடுத்துருங்க. கதவுகளுக்கும் சேத்துக் குடுங்க."

"வண்டிய விக்கறீங்களாய்யா?"

"இல்லீங்க. என்ற ஊட்டுக்காரி மழைல நனையறாங்க."

அந்த அம்மா உள்ளே போய் அச்சில் வார்த்த பீடிங்கை எடுத்துவந்தார். மடக்கினால் தழும்பு விழுந்துவிடும் என்று சொல்லி வளையமாகவே கட்டிக் கொடுத்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு செங்கோட்டையன் ஊர் திரும்பினார்.

காங்கேயத்தில் கார் கண்ணாடி மாட்டும் பாலகோபால் வந்து வேலையை ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றி, தகட்டோடு ஒட்டிப்போயிருந்த பழைய ரப்பரைச் சுரண்டி, அடியில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்தார். புது பீடிங்கைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் பள்ளத்தில் மெல்லிய கயிறு ஒன்றைச் செருகி, சோப்புத் தண்ணீர் தடவினார். அவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, செங்கோட்டையன் உள்ளே உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகட்டின்மேல் ஏறிக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு மூலை மட்டும் வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை அதுவும் பிடித்துக்கொண்டது. கதவுகளுக்கும் புது பீடிங் ஏறியது.

வண்டிக்குள் காலடியில் கிடந்த கயிற்றுப்பாயை பாலகோபால் இழுத்து வெளியே போட்டார். "இது மக்கிப்போச்சுங்க. கெடந்தா நாத்தம் போகாது." செங்கோட்டையனுக்கும் அது சரியென்றே பட்டது. பழைய ரப்பரையும் பாயையும் வாசல் மூலையில் குவித்து எரித்தார்கள். சீட்டுகளை சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்தார்கள். ஓஸ் பைப்பால் கண்ணாடிமேல் தண்ணீரைப் பாய்ச்சியபோது உள்ளே ஒரு துளிகூட வரவில்லை. செங்கோட்டையன் சின்னப் பையனைப்போலச் சிரித்தார்.

சாயங்காலம் பூவாத்தாள் பையோடு வந்தாள். அவர் முன்கதவைத் திறந்துவிட்டார். குனிந்து ஒரு காலை உள்ளே வைத்தவள் நின்றுவிட்டாள். மூக்கைச் சுளித்தாள்.

"இது ஆரு வண்டிங்க?"

"நம்ம பியட்டு அம்மணி. ஏறு."

கையைப் பிடித்து உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். கடகடவென்று ஆடிக்கொண்டு மூடும் கதவு இப்போது 'டப்'பென்று அடைத்துக்கொண்டது. உள்ளே புது ரப்பர் நெடி. வெளிச்சத்தம் எதுவும் இல்லை. பூவாத்தாள் இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தாள். "தொறங்க! மூச்சு முட்டுது, தொறங்க!" திறந்ததும் இறங்கிச் சுவரோரம் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

மறுநாளும் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவர் கண்ணாடிகளை இறக்கிவைத்துப் பார்த்தார். சீட்டில் தேங்காயெண்ணெய் தேய்த்தார். மில்லிலிருந்து கொப்பரை மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து பின்சீட்டில் போட்டார். கடைசியில் பாலகோபாலுக்குப் போன் செய்தார்.

"அந்தப் பழைய ரப்பர் எங்காச்சும் கெடக்குதுங்களா?"

"அது அன்னைக்கே எரிச்சுப்போட்டமுங்களே. ஏனுங்க, ஒழுகுதுங்களா?"

"இல்லீங்க. ஒழுகறதில்லீங்க" என்று போனை வைத்தார்.

அன்று மத்தியானம் தேங்காய் அரியும் கத்தியை எடுத்துக்கொண்டு போய், இடப்பக்கக் கதவின் புது பீடிங்கை அங்கங்கே கீறினார். காற்று புக வேண்டும், அந்த விசில் வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. சாயங்காலம் கெஞ்சிக் கூத்தாடி அவளை ஏற்றிவிட்டார். ரோட்டுக்கு வந்து வேகமெடுத்ததும் காற்றுச் சத்தம் வந்தது. பழைய விசில் அல்ல, கிழிந்த துணி படபடக்கிற மாதிரி ஒரு சத்தம். பூவாத்தாள் முனகவில்லை. ரோட்டையும் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னைய இங்கயே எறக்கி உட்டுருங்க ஐயா" என்றாள். "நான் நடந்து போய்க்கறனுங்க."

ஐயா என்று அவள் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. செங்கோட்டையன் வண்டியை ஓரங்கட்டினார். பிறகு மெல்ல வீட்டுப் பக்கம் திருப்பினார். பக்கத்தில் பூவாத்தாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தெரியாத ஆளின் வண்டியில் இருக்கும் பெண்ணைப்போலக் கதவோரம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

லோகப்பிரியா போனில் சொன்னாள்: "நல்லதுக்குத்தானுங்கப்பா செஞ்சீங்க."

"ஆமா கண்ணு" என்றார். 

அந்தச் சாயங்காலச் சவாரி நின்றுபோனதால் பூவாத்தாள் தானாகவே நடக்க ஆரம்பித்தாள். ஒரு பொழுதுசாயும் நேரம் அவர் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள். ரோட்டோரம் செருப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தவளை லாரிக்காரர் ஒருவர் பார்த்து நிறுத்தி, டீக்கடையில் விசாரித்துக் கூட்டிவந்தார். காலெல்லாம் முள். செங்கோட்டையன் ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தார். யாரோ வைத்தியம் பார்க்கிற ஆள் என்று நினைத்து அவள் காலைக் காட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் கேட்டுக்குப் பூட்டு வாங்கினார்.

இப்போது பியட் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. சாயங்காலமானால் பூவாத்தாள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது.

"ஏனுங்க, இந்தக் கேட்டக் கொஞ்சம் தொறந்து உடறீங்களா?" என்று கேட்கிறாள், வாட்ச்மேனிடம் கேட்கிற மரியாதையோடு. "எங்கூட்டுக்காரரு தேடுவாருங்க."

"செத்த இருங்க. வந்துருவாருங்க" என்கிறார் செங்கோட்டையன்.

"சரிங்க" என்று அவள் ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறாள். இருட்டி, கால் வலித்து, அவள் தானாகத் தளரும்வரை அவர் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.